பச்சைக் கொட்டையும் இரும்பு வாணலியும்

காப்பிக் கொட்டையைப் பச்சையாக வாங்கி வீட்டிலேயே வறுத்துக் குடிக்கிற பழக்கம் இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறது. அதற்கென்று மின்சார உருளை, சூடு காட்டும் கருவி, கையால் சுற்றும் அரைப்பான் என்று ஏகப்பட்ட சாமான்கள் விற்கிறார்கள். சிலது நம்ம வீட்டு ஃபிரிட்ஜை விட விலை அதிகம். இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர், "இது வெளிநாட்டுப் பழக்கம்" என்கிறார்கள். மீதிப் பேர், "எங்க பாட்டி அந்தக் காலத்துலயே வறுத்தாங்களே, இதுல என்ன புதுசு" என்கிறார்கள்.

இரண்டாவது கட்சி சொல்வதில் நிஜம் உண்டு. ஆனால் எந்தப் பாட்டி, எந்தத் தெருப் பாட்டி என்று கேட்டால் கதை கொஞ்சம் சிக்கலாகிவிடுகிறது. நான் இருப்பது சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கீரப்பாளையம். சுற்றி நெல் வயல். காப்பிச் செடி எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியாது, ஆனால் காப்பி இல்லாமல் பொழுது விடியாது. அது எப்படி ஆயிற்று, வீட்டுக்குள் என்னென்ன சாமானோடு வந்தது, பிறகு அந்தச் சாமான் எல்லாம் ஏன் பரண் மேல் ஏறியது என்பதுதான் இந்தப் பதிவு. கடைசியில், இப்போது வறுக்க ஆசைப்படுகிறவர்கள் எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்றும் கொஞ்சம் சொல்கிறேன்.

நம்ம கரைக்கும் காப்பி விளைந்த ஏமன் நாட்டுக்கும் கடல் வழித் தொடர்பு பழசு. பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூத் பந்தர் என்று ஒரு பெயர் இருந்தது. சோழமண்டலக் கரைத் துணிகள் மோக்கா வரைக்கும் போயின. அந்த மோக்காதான் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகத்தின் காப்பித் துறைமுகம். பாபா புதான் ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்கிற கதையும் அந்தக் காலத்தைப் பற்றியதுதான். இத்தனை இருந்தும் காப்பி அப்போது நம்ம சனங்களின் அன்றாடக் குடிபானம் ஆகவில்லை. காலையில் குடித்தது நீராகாரம், சாப்பிட்டது பழைய சோறு, இல்லாவிட்டால் கேப்பைக் கூழ்.

மாற்றம் 19ஆம் நூற்றாண்டில், மலைத் தோட்டங்களோடு வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்டார். பிறகு நீலகிரி, வயநாடு, குடகு என்று தோட்டங்கள் பரவின. கடலுக்கு அப்பால் இலங்கையில் கண்டிச் சீமை முழுக்கக் காப்பி. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் விழுந்து, அடுத்த இருபது வருஷத்தில் அங்கே காப்பி ஏறக்குறைய அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. காப்பிப் பழம் பறித்த தமிழர்கள், காப்பி குடித்த தமிழர்களுக்கு முந்தின தலைமுறை. பறித்தவர்களின் ஊர்களில் அப்போது காப்பி குடிப்பதே அபூர்வம்.

குடிக்கிற பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆரம்பித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகம் பிடித்தது. உத்தியோகம் பார்த்த நடுத்தர வர்க்கம், அதிலும் முதலில் பிராமணக் குடும்பங்கள். இந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். பழையதை விட்டுவிட்டுக் காப்பிக்குப் போனதால் உடம்பு கெட்டது, குடும்பம் கெட்டது என்று அப்போது புலம்பல் நிறைய. காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளம் ஆனது. பின்னால் வந்த டீ உழைக்கிறவர்களின் குடிபானம் ஆனது. இன்றைக்கும் நம்ம ரோட்டோரக் கடைக்குப் பெயர் டீக்கடைதான், காப்பிக் கடை இல்லை.

காப்பி கிளப்பிலும் இதே பிரிவினை. 'பிராமணாள்' என்று போர்டு மாட்டிய ஓட்டல்கள், உள்ளே தனிப் பந்தி. சென்னை திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயில் அந்தப் போர்டை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957இல் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. டீக்கடை மட்டும் யோக்கியமா என்றால், கிராமங்களில் இரட்டை டம்ளர் இருந்ததும் நமக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. காப்பிக் கொட்டை போகாத வீடுகளுக்கும் காப்பி என்கிற சொல் போய்விட்டது. சுக்குக் காப்பியில் காப்பி கிடையாது. மல்லிக் காப்பியிலும் கிடையாது. சுக்கையும் கொத்தமல்லி விதையையும் வறுத்து இடித்துக் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்தால் அது காப்பி. "காப்பித்தண்ணி குடிச்சியா?" என்று கேட்கிறவர் பல நேரம் எந்தச் சூடான குடிபானத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார். ஆக, ஏதோ ஒன்றை வறுத்துப் பொடித்துக் காப்பி போடுகிற வேலை எல்லாத் தெருவிலும் நடந்தது. மலைக் கொட்டையை வறுத்தது சில தெருக்கள் மட்டும். "நம்ம பாட்டி காப்பி வறுத்தாள்" என்று பொதுவாகச் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, அந்தச் சில தெருக்களில் என்ன நடந்தது? மளிகைக் கடையில் பச்சைக் கொட்டை கிடைக்கும். வெளிர் பச்சை நிறம், வைக்கோல் மாதிரி லேசான வாசம். வறுத்த கொட்டை மாதிரி இது கெட்டுப்போகாது, ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வறுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் மணம் இறங்க ஆரம்பிக்கும். அரைத்துவிட்டாலோ அது நாள் கணக்குதான். அதனால் பச்சையாகச் சேமித்து, வாரம் ஒன்றிரண்டு தடவை வறுத்து, தேவைக்கு அரைப்பது என்கிற ஏற்பாடு, காற்றுப் புகாத டப்பா இல்லாத காலத்துக்கு ரொம்பப் பொருத்தம். நாம மட்டும் இல்லை, அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில்தான் வறுத்தார்கள். 1864இல் ஜேபஸ் பர்ன்ஸ் பெரிய வறுப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச நாளில் ஆர்பக்கிள் கம்பெனி வறுத்த கொட்டையைக் காகிதப் பையில் போட்டு விற்றது. அதோடு அங்கே வீட்டு வறுப்பு குறைந்து, அடுத்த சில தலைமுறைகளில் மறந்தே போயிற்று. நம்ம பக்கம் அது இன்னும் ஒரு ஐம்பது, அறுபது வருஷம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

வறுக்கிற சாமான் இரண்டு வகை. ஒன்று, கனமான இரும்பு வாணலி. இன்னொன்று, தகர உருளை. நடுவில் ஒரு கம்பி, ஒரு முனையில் கைப்பிடி, பக்கத்தில் கொட்டை போட ஒரு சின்னக் கதவு. கரி அடுப்பு மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாணலியில் வறுப்பது அநேகமாக வீட்டுப் பெண்கள். உருளை சுற்றுகிற வேலை பையன்கள் தலையில் விழும். புகை கண்ணைக் கரிக்கும், கை ஓயக் கூடாது, ஒரு நிமிஷம் விட்டால் ஒரு பக்கம் கரிந்துபோகும். இன்றைக்கு வறுக்கும் வாசனையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்தவர்கள்.

ஆனால் அந்த அடுப்பங்கரையில் ஒரு அறிவு இருந்தது. இன்றைக்குக் கருவி வைத்துப் பார்ப்பதைக் காதாலும் மூக்காலும் பார்த்தார்கள். பச்சைக் கொட்டையில் பத்து, பன்னிரண்டு சதவீதம் ஈரம் உண்டு. முதலில் அது ஆவியாகும், அப்போது ஈர வைக்கோல் வாசம். நிறம் மஞ்சளாகும்போது வாசம் மாறி, கடலை வறுக்கிற மாதிரி வரும். கொட்டையின் சூடு 200 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது உள்ளே அடைபட்ட ஆவியும் வாயுவும் வெடித்து 'பட் பட்' என்று சத்தம் கேட்கும், நெல் பொரிகிற மாதிரி. இது முதல் வெடிப்பு. இன்னும் விட்டால் 225 டிகிரி வாக்கில் இரண்டாவது வெடிப்பு. இது மெல்லிசாக, 'சடசட' என்று வரும், கொட்டை மேல் எண்ணெய் மினுங்கும். பால் ஊற்றிக் குடிக்கிற ஃபில்டர் காப்பிக்கு இரண்டாவது சத்தம் ஆரம்பிக்கிற இடத்தில் இறக்குவது வழக்கம். அதற்கு முன்னால் இறக்கினால் புளிப்பு தூக்கலாக இருக்கும், பாலோடு சேராது. வெகுநேரம் தாண்டினால் கரி.

இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடைப்பார்கள். எனக்கு இதில்தான் ரொம்பப் பிரமிப்பு. அடுப்பை விட்டு இறக்கினாலும் தன் சூட்டிலேயே கொட்டை மேலும் வறுபடும், அதனால் சட்டென்று ஆற வேண்டும். கொட்டையைச் சுற்றியிருக்கிற மெல்லிய வெள்ளித் தோலும் உரிந்து போக வேண்டும். இந்த இரண்டு வேலையையும் முறம் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. நெல்லுக்கும் உளுந்துக்கும் செய்ததுதான். இப்போது விற்கிற வீட்டு இயந்திரங்களில் இதற்கென்று தனி விசிறியும் தோல் சேர்க்கிற டப்பாவும் வைத்திருக்கிறார்கள்.

பீபெரிக்கு நம்ம ஊரில் ஏன் அப்படி ஒரு மவுசு என்பதும் வாணலியைப் பார்த்தால் புரியும். சாதாரணமாக ஒரு பழத்துக்குள் தட்டையான இரண்டு பருப்பு இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று, உருண்டையாக விளையும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைக்கும் இப்படி. அதுதான் பீபெரி. தட்டைக் கொட்டை வாணலியில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு கரியும். உருண்டைக் கொட்டை தானே உருண்டு ஒரே சீராக வறுபடும். சுவை உசத்தியா என்பது தனி விவாதம். கையால் வறுக்கிறவருக்கு அது வசதி, அவ்வளவுதான்.

அடுத்தது அரைப்பது. மேசை விளிம்பிலோ பலகையிலோ திருகி மாட்டுகிற இரும்பு மிஷின். இங்கிலாந்தில் செய்த 'ஸ்பாங்' மிஷின் வசதியான வீடுகளில் இருந்தது, பிறகு அதே மாதிரி உள்ளூரிலும் வார்த்தார்கள். கடைசியாக ஃபில்டர். மேலே ஓட்டைத் தட்டு, கீழே டிகாஷன் இறங்குகிற பாத்திரம் என்கிற இரட்டை அடுக்கு அமைப்பு 1800 வாக்கில் பாரிஸில் பிரபலமானது. நம்ம பித்தளை ஃபில்டர் அந்தக் குடும்பம்தான். உள்ளே தூளை அமுக்க ஒரு குடை. பித்தளை என்பதால் உள்ளே ஈயம் பூச வேண்டும், தேய்ந்தால் தெருவில் வருகிற ஈயம் பூசுகிறவரிடம் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் வந்ததும் அந்தத் தொந்தரவு போயிற்று, அவர் பிழைப்பும் போயிற்று.

இத்தனை ஏற்பாடும் ஏன் மறைந்தது? சோம்பேறித்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. மின்சாரம் வந்ததும் கடைத்தெருவில் காப்பி மில் வந்தது. சேலத்தில் நரசுஸ் 1926இலேயே ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன அரைவைக் கடைகள் வந்தன. "பீபெரி கால் கிலோ, பிளாண்டேஷன் கால் கிலோ, சிக்கரி நூறு" என்று சொன்னால் எதிரிலேயே அரைத்துச் சூட்டோடு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வறுப்பு வீட்டை விட்டுப் போனாலும், கலவையைச் சொல்கிற உரிமை வாங்குகிறவர் கையில் இருந்தது. பிறகு பாக்கெட் வந்தது. அதில் அதுவும் போயிற்று. இன்ஸ்டன்ட் வந்ததும் ஃபில்டரே போயிற்று.

இந்த இடத்தில் சிக்கரி. இது ஒரு செடியின் வேர், காயவைத்து வறுத்துப் பொடித்தது. நெப்போலியன் காலத்தில் கப்பல் வரத்து தடைபட்டபோது ஐரோப்பாவில் பரவியது. நம்ம நாட்டில் குஜராத், உத்தரப்பிரதேசம் பக்கம் விளைகிறது. விலை குறைவு, நிறம் கொடுக்கும், டிகாஷன் கெட்டியாகத் தெரியும். சட்டப்படி காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும். அதாவது 49 வரைக்கும் சிக்கரி இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துத் தூளை மேலே தூவிப் பாருங்கள். காப்பித் தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே போகும். சிக்கரி விஷம் ஒன்றும் இல்லை, அந்தச் சுவை பிடித்துக் குடிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டையைக் கண்ணால் பார்த்து வறுத்த வீட்டில், தூளுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கே இடம் இல்லை. வீட்டு வறுப்பு போனதில் நஷ்டம் என்று நான் நினைப்பது வாசனையை விட இதைத்தான்.

அதே சமயம், அந்தக் காலத்து வீட்டுக்காரருக்கு இல்லாத ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும் இந்தியக் காப்பிக்கு வாங்க ஆள் இல்லை. அரசாங்கம் தலையிட்டது. 1942 சட்டத்துக்குப் பிறகு, விளைந்த காப்பி எல்லாம் காப்பி போர்டிடம் போய்ச் சேர வேண்டும், அது தரம் பிரித்து ஏலம் விடும் என்று ஆனது. விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் எந்த மலை, யார் தோட்டம் என்கிற அடையாளம் எல்லாம் ஒன்றாகக் கலந்து மறைந்துவிட்டது. 'பிளாண்டேஷன் ஏ' என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய பெரிய அளவு அராபிகா என்று மட்டும்தான் அர்த்தம். ஏற்காடா குடகா என்று அது சொல்லாது. 1992 முதல் படிப்படியாகத் தளர்த்தி 1996இல் முழுக்க விட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒரு தோட்டத்துப் பச்சைக் கொட்டை, தோட்டத்தின் பெயரோடு கீரப்பாளையத்துக்கே தபாலில் வருகிறது என்றால் அதனால்தான். பாட்டி கையில் தீ இருந்தது, கொட்டையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நமக்குக் கொட்டை ஆயிரம் தினுசில் கிடைக்கிறது, தீயைப் பார்க்கத் தெரியாது.

இப்போது சாமான். பட்ஜெட் எவ்வளவு இருந்தாலும் முதல் பணத்தை அரைப்பானில் போடுங்கள், வறுப்பு இயந்திரத்தில் வேண்டாம். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். மாவு ஃபில்டர் ஓட்டையை அடைக்கும், குருணையில் சாரம் இறங்காது. பல்சக்கரம் வைத்த கை அரைப்பான் ஒன்று போதும். பழைய இரும்பு மிஷின் வீட்டில் இருந்தால், துருவைத் தேய்த்து, கொஞ்சம் அரிசியை அரைத்துச் சுத்தம் செய்துவிட்டு அதையே பயன்படுத்தலாம்.

வறுக்கத் தடிமனான இரும்பு வாணலி, ஒரு மரக்கரண்டி, ஒரு முறம். 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள், கிளற முடியாது. முதல் தடவை பீபெரியாக வாங்குங்கள். மிதமான தீயில் பத்திலிருந்து பதினைந்து நிமிஷம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நிஜமாகவே வரும். உரிந்த தோல் அடுப்புப் பக்கம் பறந்தால் பற்றிக்கொள்ளும், அதனால் புடைப்பதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் வறுத்தால் கையில் நிற்பது 165, 170 கிராம்தான். எங்கே போச்சு என்று தேட வேண்டாம், ஈரமும் வாயுவுமாகப் போயிற்று. வறுத்த அன்றே காப்பி போட்டால் உள்ளே இருக்கும் வாயுவினால் தூள் பொங்கி, டிகாஷன் சரியாக இறங்காது. ஒரு நாள் விட்டு அரையுங்கள்.

இப்படிச் செய்து போட்ட முதல் டிகாஷனைப் பார்த்துப் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். தண்ணி மாதிரி இருக்கிறதே என்று. வறுத்ததில் தப்பு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொண்டு, ஃபில்டரில் தண்ணீர் இறங்குவதை மெதுவாக்கும். நாம இத்தனை நாள் பழகிய தூளும் அளவும் அந்தச் சிக்கரிக் கணக்கில் போட்டது. வெறும் காப்பிக்கு இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து, தூளையும் ஒரு கரண்டி கூட்டி, குடையை நன்றாக அமுக்க வேண்டும். தண்ணீர் கொதித்து இறக்கியதும் ஒரு நிமிஷம் விட்டு ஊற்றினால் போதும். இறங்கி முடியப் பதினைந்து, இருபது நிமிஷம் ஆனால் சரியான பக்குவம். ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டால் அடுத்த தடவை இன்னும் நைஸ்.